லிமிடெட் எடிஷன் ஸ்போர்ட்ஸ் கார்: நம்பர் தகட்டுக்குக் கூடக் காசு கொடுக்கலாமா?

கோடைக்கால ஓட்டுநர் | ரொறன்ரோ

எல்லோருக்கும் வணக்கம். கோடையில் மட்டும் ஓட்டுவதற்கு இரண்டாவது வண்டியாக மஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். இரண்டு வண்டிகள் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2019-இல் வந்த 30-ஆம் ஆண்டு நிறைவுப் பதிப்பு. செம்மஞ்சள் நிறம், உலகம் முழுவதற்கும் 3,000 மட்டும், எத்தனையாவது வண்டி என்று எண் பொறித்த தகடு வேறு. மற்றது அதே வருடத்துச் சாதாரண வண்டி. அதிலும் பிரெம்போ பிரேக், ரெகாரோ சீட் இருக்கின்றன. இரண்டுக்கும் 181 குதிரைத்திறன் கொண்ட ஒரே எஞ்சின்தான், இரண்டும் மானுவல்.

செம்மஞ்சளுக்கு எட்டாயிரம் டாலர் கூடச் சொல்கிறார்கள். விற்பவரோடு கதைத்தேன். "தம்பி, இதைக் கார் என்று நினைக்காதீர்கள், முதலீடு என்று நினையுங்கள்" என்றார். வீட்டில் இதைச் சொன்னால் கதவைச் சாத்திவிடுவார்கள்.

உண்மையில் இந்த ஸ்பெஷல் எடிஷன்கள் விலை நிற்குமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய கார்பரேட்டர் | கோவை

தம்பி, "முதலீடு" என்ற வார்த்தை விற்பவர் வாயிலிருந்து வந்தால் சட்டைப்பையைப் பொத்திக்கொள்ள வேண்டும். இந்தக் கேள்விக்கு அமெரிக்காக்காரர்கள் 1978-லேயே காசு கொடுத்துப் பதில் தெரிந்துகொண்டார்கள்.

அந்த வருடம் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் முதல்முறையாக ஷெவ்ரலேயின் கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார் பேஸ் காராக ஓடியது. பந்தய வண்டிகளை வரிசை கட்டி முன்னால் நின்று கூட்டிப்போகும் வண்டி அது. அதே தோற்றத்தில் பொதுமக்களுக்கும் விற்கலாம் என்று ஷெவ்ரலே முடிவு செய்தது. ஆரம்பத்தில் சில நூறு என்று பேச்சு. அப்புறம் டீலருக்கு ஒன்றாவது கொடுக்க வேண்டாமா என்று ஆகி, கடைசியில் 6,502 வண்டிகள். பட்டியல் விலை 13,653 டாலர். வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் செய்தி வந்ததும் ஜனங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. இரண்டு பங்கு விலை கொடுத்து வாங்கியவர்கள் உண்டு.

மேலே கறுப்பு, கீழே வெள்ளி, நடுவில் சிவப்புக் கோடு. பார்க்க அழகாகத்தான் இருக்கும். கதவில் ஒட்டும் பெரிய எழுத்து ஸ்டிக்கர்களைத் தொழிற்சாலையில் ஒட்டவில்லை, வண்டிக்குள் வைத்து அனுப்பினார்கள். ஒட்டுவதும் விடுவதும் வாங்கியவர் இஷ்டம். இன்றைக்கும் இந்த வண்டி விற்பனைக்கு வந்தால் விளம்பரத்தில் "ஸ்டிக்கர்கள் பிரிக்கப்படவில்லை" என்று போடுவார்கள். சில வண்டிகள் நூறு மைல் கூட ஓடியிருக்காது.

சரி, விலை? அன்றைய 13,653 டாலர், பணவீக்கத்தைச் சேர்த்தால் இன்று ஏறக்குறைய 65,000. சும்மா நிறுத்தி வைத்த அந்த பேஸ் கார்களில் மிகப் பெரும்பாலானவை அதன் பக்கத்தில்கூட வராது. இரண்டு பங்கு கொடுத்தவர் கதையைக் கேட்கவே வேண்டாம். கராஜ் வாடகை, இன்சூரன்ஸ், காய்ந்துபோன ரப்பர் சீல் எல்லாம் தனி.

காரணம் எளிது. எல்லாரும் வைக்கவேண்டும் என்று வாங்கினார்கள், எல்லாரும் வைத்தார்கள். நாற்பது வருடம் கழித்துப் பார்த்தால் நல்ல நிலையில் இருப்பதுதான் சாதாரணம், அடிபட்டதுதான் அபூர்வம்! அந்த வண்டிகளுக்குச் சேசிஸ் எண் வரிசையே தனி, 900001-இலிருந்து ஆரம்பிக்கும். அதனால் எது அசல், எது பெயிண்ட் அடித்தது என்ற சந்தேகமும் இல்லை. அப்படியும் ஏறவில்லை.

கடைசி பெஞ்ச் | சென்னை

நம்மூரில் ஸ்பெஷல் எடிஷன் என்றால் பண்டிகைக்கு முன்னால் வரும் கறுப்பு பெயிண்ட், சிவப்புத் தையல் போட்ட சீட் கவர், டிக்கியில் ஒரு ஸ்டிக்கர். ஆறு மாதத்தில் ஸ்டிக்கர் வெயிலில் உரிந்துவிடும். சாதாரண வண்டிக்கும் அதற்கும் செகண்ட் ஹேண்டில் பத்து ரூபாய் வித்தியாசம் வராது.

மஸ்டா நம்மூருக்கே வரவில்லை என்பதால் எனக்கு இந்த இழையில் பொறாமை மட்டும்தான்.

நாலாம் கியர் | ஸ்டுட்கார்ட்

கார்பரேட்டர் ஐயா சொன்னது பெயிண்ட் எடிஷன். அதை வைத்து எல்லா வண்டிகளையும் ஒரே தராசில் போட முடியாது. போர்ஷே 911 ஆர் கதையைப் பார்க்க வேண்டும். அதில் இரண்டு பக்கமும் இருக்கிறது.

2013-இல் வந்த 911 ஜிடி3-க்கு மானுவல் கியர் கிடையாது, பிடிகே ஆட்டோமேட்டிக் மட்டும்தான். பழைய ஆட்கள் கொதித்துப் போனார்கள். 2016 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் 911 ஆர் வந்தது. ஜிடி3 ஆர்எஸ்ஸின் 4 லிட்டர், 500 குதிரைத்திறன் எஞ்சின், ஆறு கியர் மானுவல், மெக்னீசியக் கூரை, பின்னால் பெரிய இறக்கை கிடையாது. 991 வண்டிகள். அமெரிக்காவில் பட்டியல் விலை 1,84,900 டாலர். போர்ஷேயின் 918 ஸ்பைடர் கார் வைத்திருந்தவர்களுக்கு முதலில் கொடுத்ததால் மற்றவர்கள் வரிசையில் நிற்கக்கூட முடியவில்லை. சில மாதங்களில் மும்மடங்கு, அதற்கு மேலும் கேட்டார்கள்.

அப்புறம் 2017 மார்ச்சில் அதே ஜெனீவாவில் புது ஜிடி3-ஐக் காட்டினார்கள். அதே 4 லிட்டர், அதே 500 குதிரைத்திறன், மானுவல் கியர் விருப்பத் தேர்வு. செப்டம்பரில் இறக்கை இல்லாத டூரிங் பேக்கேஜும் வந்துவிட்டது. 911 ஆர் விலை தடதடவென்று இறங்கியது. உச்சியில் வாங்கியவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். 991 என்ற எண் மாறவே இல்லை, ஒரு வண்டிகூடக் கூடவில்லை. ஆனால் அந்த வண்டியிடம் மட்டும் இருந்தது என்ன? மானுவல் கியரும் அந்த எஞ்சினும் சேர்ந்தது. அதைக் கம்பெனி வேறு வண்டியில் போட்டுக் கொடுத்ததும் காற்று இறங்கிவிட்டது. ஆகவே எத்தனை வண்டி என்று கேட்பதைவிட, "இதில் உள்ளதைக் கம்பெனி நாளைக்கு இன்னொன்றில் போட முடியுமா" என்று கேட்பதுதான் சரி என்பேன்.

விழுந்து அப்படியே கிடக்கவும் இல்லை. இன்றும் பட்டியல் விலைக்கு நன்றாக மேலேதான் கைமாறுகிறது. எடை 1,370 கிலோ, பேனட்டும் முன் ஃபெண்டரும் கார்பன் ஃபைபர். அதெல்லாம் டூரிங்கில் இல்லை. பட்டியல் விலைக்கு வாங்கியவர் சிரிக்கிறார், முதல் வருடத்தில் இடைத்தரகரிடம் வாங்கியவர் இன்னும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

லெஸ்டர் மாமா | பிரிட்டன்

நாலாம் கியர் தம்பி நன்றாகச் சொன்னார். ஆனால் கம்பெனி சொல்லும் எண்ணையும் நம்பிவிடக் கூடாது. ஃபெராரி எஃப்40 வந்தபோது 400 என்று பேச்சு. கேட்க ஆள் இருக்க இருக்கச் செய்துகொண்டே போய் 1,311-இல் நின்றது. எண்பதுகளின் கடைசியில் சூதாட்டம் மாதிரி விலை ஏறி, தொண்ணூறுகளின் மந்தத்தில் படுத்தது. அடுத்து வந்த எஃப்50-க்கு 349 என்று கறாராக நின்றார்கள், சந்தை கேட்பதைவிட ஒன்று குறைவாம். இன்று எஃப்40 பத்து லட்சம் பவுண்டுக்கு எளிதாக மேலே. 1,311 செய்தும்! ஏனென்றால் அது ஒரு எடிஷனே இல்லை, அடியிலிருந்து தனி வண்டி.

எங்கள் ஊர்க் கதையும் ஒன்று உண்டு. 1988-இல் பர்மிங்காம் கண்காட்சியில் ஜாகுவார் எக்ஸ்ஜே220-ஐக் காட்டினார்கள். வி12 எஞ்சின், நான்கு சக்கரமும் இழுக்கும் என்றார்கள். ஆட்கள் 50,000 பவுண்டு முன்பணம் கட்டினார்கள். 1992-இல் வண்டி கைக்கு வந்தபோது உள்ளே டர்போ வைத்த வி6, பின் சக்கரம் மட்டும்தான் இழுக்கிறது, விலை 4,70,000 பவுண்டு. அதற்குள் பொருளாதாரம் சரிந்திருந்தது. வாங்கி மறுநாள் விற்கலாம் என்று கட்டியவர்கள்தான் முதலில் ஓடினார்கள். விவகாரம் கோர்ட்டு வரைக்கும் போனது. கடைசியில் சுமார் 280 வண்டிகள்தான் செய்தார்கள், விற்காமல் வருடக்கணக்கில் நின்றது. அபூர்வம்தான், ஆனால் ஆசைப்பட ஆள் இல்லாத அபூர்வம்.

மக்லாரன் எஃப்1-உம் அதே மந்த காலத்தில் விற்கத் திண்டாடியதுதான். மொத்தம் 106. அதில் ஒன்று 2021 ஆகஸ்டில் பெபிள் பீச் ஏலத்தில் இரண்டு கோடி டாலருக்கு மேலே போனது. 1998-இல் இதைச் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். எனவே இன்றைய விலையைப் பார்த்து "அப்பவே தெரியும்" என்று சொல்கிறவர்களைத் தள்ளியே வையுங்கள்.

இன்னொன்று. பிரிட்டனில் சொந்தக் காரை விற்று வரும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. கார் தேய்ந்து அழியும் சொத்து என்பது சட்டத்தின் கணக்கு. தொழிலாகச் செய்தால் கதை வேறு. இங்கே பணக்காரர்கள் வீட்டுக்கு அடுத்து கார் வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரட்டை கிளட்ச் | டெட்ராய்ட்

நாலாம் கியர், லெஸ்டர் மாமா இருவரின் சூத்திரத்திலும் எனக்கு உடன்பாடு இல்லை. "அடியிலிருந்து தனி வண்டி என்றால் நிற்கும்" என்றால் 1990 கார்வெட் இசட்ஆர்-1 எங்கே போனது?

அதன் எல்டி5 எஞ்சினை வடிவமைத்தது லோட்டஸ். கட்டியது ஓக்லஹோமாவில் மெர்குரி மரைன், படகு எஞ்சின் செய்கிறவர்கள். நான்கு கேம்ஷாஃப்ட், 32 வால்வு, 375 குதிரைத்திறன். அந்த எஞ்சினை ஷெவ்ரலேயின் தாய்க் கம்பெனியான ஜிஎம் அதற்கு முன்னாலும் பின்னாலும் எதிலும் போட்டு விற்கவில்லை. ஆறு வருடத்தில் 6,939 வண்டிகள். பட்டியல் விலை 58,995 டாலர், டீலர்கள் ஒரு லட்சம் வரை கேட்டார்கள். இன்றைக்குப் பெரும்பாலானவை அன்றைய பட்டியல் விலைக்குக் கீழேதான் விற்கின்றன, பணவீக்கத்தைத் தொடாமலே! எஞ்சின் தனி, கட்டியது கையால், எண்ணிக்கையும் அதிகம் இல்லை. உங்கள் கணக்குப்படி ஏறியிருக்க வேண்டுமே?

நாலாம் கியர் | ஸ்டுட்கார்ட்

நல்ல கேள்வி. ஆனால் 1990 இசட்ஆர்-1-ஐச் சாதாரண கார்வெட்டிலிருந்து எதை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள்? அகலமான பின்பக்கம், சதுர விளக்குகள். 1991-இல் சாதாரண வண்டிக்கும் அதே மாதிரிப் பின்பக்கத்தைக் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு இசட்ஆர்-1 என்று தெரிய, மேலே கூரை ஓரத்தில் இருக்கும் மூன்றாவது பிரேக் விளக்கைத் தேட வேண்டும். சாதாரண வண்டியில் அது கீழே பம்பர் பக்கம் இருக்கும். இரண்டு பங்கு காசு கொடுத்தவனுக்குச் சிக்னலில் ஒருத்தனும் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் வயிறு எரியாதா?

இரட்டை கிளட்ச் | டெட்ராய்ட்

அப்படியானால் தோற்றமும் வேண்டும், எஞ்சினும் வேண்டும், கம்பெனி திரும்பச் செய்யவும் கூடாது. ஒவ்வொரு விதிவிலக்குக்கும் ஒரு விதி சேர்த்தால் எந்தச் சூத்திரமும் ஜெயிக்கும் :)

ஒரு விஷயம் மட்டும் இங்கே எல்லாரும் விட்டுவிட்டோம். விலை ஏறுவது நமக்குத் தெரிகிறது என்றால் கம்பெனிக்கும் தெரியும். ஃபோர்ட் ஜிடி-யின் கடைசி மாடலை விண்ணப்பம் போட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது, இரண்டு வருடம் விற்கமாட்டேன் என்று கையெழுத்து வேறு. மல்யுத்த வீரர் ஜான் சீனா சீக்கிரமே விற்றதால் 2017-இல் ஃபோர்ட் வழக்குப் போட்டது, அடுத்த வருடம் சமரசம் ஆனது. போர்ஷே 911 எஸ்/டி 2023-இல் வந்தபோது அமெரிக்காவில் முதல் வருடம் லீஸில்தான் கொடுத்தார்கள், பெயர் மாற்ற முடியாது. இதையெல்லாம் மீறி நமக்கு ஒன்று பட்டியல் விலையில் கிடைக்கும் என்று நினைப்பது நடக்கிற காரியமா? நம்மைப் போன்றவர்கள் கைக்கு வரும்போது லாபத்தை இன்னொருத்தர் ஏற்கெனவே எடுத்திருப்பார்.

வலப்பக்க ஸ்டியரிங் | வான்கூவர்

ஜப்பான் வண்டி ஆட்கள் யாரும் பேசவில்லையே!

லெக்ஸஸ் எல்எஃப்ஏ. 500 வண்டிகள், 2010 டிசம்பரிலிருந்து 2012 டிசம்பர் வரை. அமெரிக்காவில் 3,75,000 டாலர். "லெக்ஸஸுக்கா இந்த விலை" என்று சிரித்தார்கள். உற்பத்தி நின்று பல வருடம் ஆகியும் புது வண்டிகள் விற்காமல் டீலர்களிடம் நின்றன. 4.8 லிட்டர் வி10, நிமிடத்துக்கு 9,000 தடவை வரை சுற்றும். சும்மா நிற்கும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் 0.6 வினாடியில் உச்சிக்குப் போகும், முள் வைத்த மீட்டரால் அந்த வேகத்துக்குத் திரும்ப முடியாது என்றுதான் டிஜிட்டல் மீட்டர் வைத்தார்கள். இன்று பட்டியல் விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அந்த மாதிரி எஞ்சினை இனி யாரும் செய்யமாட்டார்கள் என்பது இப்போதுதான் எல்லாருக்கும் உறைத்திருக்கிறது.

இழையைத் தொடங்கியவருக்கு இன்னொரு விஷயம். சில வண்டிகளின் விலையைச் சட்டம் ஏற்றுகிறது. நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்34-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 25 வருடம் ஆனால்தான் அந்த நாட்டு விதிகளுக்கு உட்படாத காரைத் தடையில்லாமல் இறக்கலாம். முதல் ஆர்34-கள் 2024 ஜனவரியில்தான் அந்த வயதைத் தொட்டன. 2002-இல் கடைசியாகச் செய்த நூர் எடிஷன், சுமார் 1,000 வண்டிகள், 2027-இல்தான் தொடும். கனடாவில் 15 வருடம் போதும் என்பதால் இங்கே நாங்கள் முன்பே இறக்கிவிட்டோம். எல்லை தாண்டி ஒரு பெரிய சந்தை எந்தத் தேதியில் திறக்கும் என்று காலண்டரைப் பார்த்தே சொல்ல முடிந்தது. எம்எக்ஸ்-5-க்கு அப்படி எதுவும் இல்லை, எல்லா ஊரிலும் ஏற்கெனவே விற்கிறது.

தீவு வாசி | சிங்கப்பூர்

நீங்கள் எல்லாரும் 40 வருடக் கணக்குப் பேசுகிறீர்கள். எங்கள் ஊரில் கார் வைத்திருக்க வாங்க வேண்டிய உரிமச் சீட்டு, சிஓஇ, பத்து வருடம்தான். முடிந்தால் அன்றைய விலையில் புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்கிராப்புக்கோ ஏற்றுமதிக்கோ போகும். கிளாசிக் என்று தனிச் சலுகை வாங்க வண்டிக்கு 35 வயது ஆகியிருக்க வேண்டும். நடுவில் உள்ள வருடங்களுக்கு யார் காசு கட்டுவது? இங்கே வண்டியைவிடக் காகிதம்தான் விலை.

பழைய கார்பரேட்டர் | கோவை

இந்தியாவில் இன்னும் மோசம். மிகப் பழைய விண்டேஜ் வண்டிகள் தவிர, மூன்று வருடத்துக்கு மேல் பழைய கார் உள்ளேயே வராது, வருவதற்கும் வரி வண்டி விலை அளவுக்கு. அதை விடுங்கள்.

தம்பியின் கேள்விக்கு வருவோம். எம்எக்ஸ்-5-இலேயே பழைய உதாரணம் இருக்கிறது. 1999-இல் வந்த 10-ஆம் ஆண்டுப் பதிப்பு: 7,500 வண்டிகள், நீல நிறம், ஃபெண்டரில் எண் தகடு. அதில் ஆறு கியர் வைத்தார்கள், அப்போது அமெரிக்காவில் மற்ற எம்எக்ஸ்-5-க்கு ஐந்துதான். அங்கே வாங்கியவர்களுக்குக் கைக்கடிகாரம்கூடக் கொடுத்தார்கள். இன்றைக்கு அதன் விலை, அதே வயதுள்ள, அதே அளவு பராமரித்த சாதாரண எம்எக்ஸ்-5-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. உங்கள் 30-ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்த ஆறாவது கியர் அளவுக்குக்கூட வித்தியாசம் இல்லை. ரேஸ் (Rays) கம்பெனிச் சக்கரமும் நிறமும் தவிர மற்றது எல்லாம் நீங்கள் பார்த்த அடுத்த வண்டியிலும் இருக்கிறதே.

கோடைக்கால ஓட்டுநர் | ரொறன்ரோ

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரண்டையும் நேரில் போய்ப் பார்த்தேன்.

செம்மஞ்சள் வண்டி மொத்தம் நாலாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. வெளியே ஒரு கீறல் இல்லை. டயரில் 0919 என்று இருந்தது, அதாவது 2019-இன் 9-ஆவது வாரம் செய்தது. பட்டை தேயவில்லை, ஆனால் பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்பு. நாலு டயரும் மாற்ற வேண்டும். பட்டரியைக் கழற்றாமலே பனிக்காலங்களைக் கடத்தியிருக்கிறார்கள். பிரேக் எண்ணெய் மாற்றியதற்குச் சிட்டை கேட்டேன், "ஓடாத வண்டிக்கு எதற்கு?" என்றார்.

சாதாரண வண்டி 38,000 கிலோமீட்டர். ஒவ்வொரு சர்வீஸுக்கும் சிட்டை கோப்பில் இருக்கிறது. இரண்டு சாவி, புத்தகம், மழைக்கூரையின் வடிகால் துளை சுத்தம் செய்த குறிப்புக்கூட இருக்கிறது. சொந்தக்காரர் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை. ஓட்டிப்பார்க்க என்னிடம் சாவியைத் தந்துவிட்டு உள்ளே தேநீர் போடப் போய்விட்டார்.

இதைத்தான் எடுக்கப்போகிறேன். மிச்சமாகும் எட்டாயிரத்தில் டயர் தொடங்கி பெற்றோல் வரை ஐந்து கோடைக்குப் போதும் என்று வீட்டில் கணக்குக் காட்டியாயிற்று.

வலப்பக்க ஸ்டியரிங் | வான்கூவர்

நல்ல முடிவு. எடுத்ததும் அடிப்பக்கத்துக்குத் துரு தடுக்கும் எண்ணெய் அடித்துவிடுங்கள். கோடையில் மட்டும்தான் என்பீர்கள், ஏப்ரலில் ரோட்டில் உப்பு இன்னும் கிடக்கும்.

நாலாம் கியர் | ஸ்டுட்கார்ட்

பின் சக்கர வளைவின் உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்த்தீர்களா? எம்எக்ஸ்-5-இல் துரு பிடிப்பது முதலில் அங்கேதான். புது மாடலில் குறைவு, ஆனாலும் பாருங்கள்.

கோடைக்கால ஓட்டுநர் | ரொறன்ரோ

பார்த்தேன் அண்ணை, சுத்தம்.

கடைசி பெஞ்ச் | சென்னை

வாழ்த்துகள்! அது சரி, அந்த ஆரஞ்சு வண்டியின் தகட்டில் என்ன நம்பர்? என் மச்சான் மிசிசாகாவில் இருக்கிறான். இந்த இழையை அனுப்பினேன், முழுக்கப் படித்துவிட்டு அதை மட்டும் கேட்கிறான்.